காலி – நான்கு நிமிடம்

நிரலண்ணன் ஊரை விட்டுப் போகப் போகிறார் என்று அவர் எனக்குச் சொல்லவில்லை. பெயிண்ட் கடைக்காரர்தான் சொன்னார். பதினேழு வருடமாக வியாழன் தவறாமல் ஒரே மாடியில் உட்கார்ந்து கண்ணை மூடியிருக்கிறோம். அந்த மனிதர், போகிற சங்கதியை மட்டும் கீழே டர்பன்டைன் விற்கிற ஆளிடம் சொல்லியிருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அன்று லேபில் இரண்டு பல் செட்டையாவது உடைத்திருப்பேன். யாரோ இரண்டு பேர் சாப்பிட முடியாமல் போகுமே என்று விட்டுவிட்டேன்.

என் தொழில் பல் கட்டுவது. டாக்டர்கள் வாய் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகு வைத்து, பல் வரிசை அடுக்கிக் கொடுப்பேன். அதனால் கூடத்தில் எனக்குப் பல்லக்கா என்று பெயர். என்னை விடப் பத்து வயது மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அதைப் பற்றி எனக்கு ஒரு வருத்தம் உண்டு, போகட்டும்.

கூடம் என்பது அந்தப் பெயிண்ட் கடைக்கு மேலே இருக்கிற நீளமான அறை. இருபத்தாறு படி ஏற வேண்டும். வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு முப்பது நாற்பது பேர் கூடுவோம். ஒருவர் நல்ல புத்தகம் ஒன்றிலிருந்து வாசிப்பார். பிறகு ஒரு பாட்டு, அதற்குப் பிறகு அரை மணி நேரம் மௌனம். கடைசியில் யாராவது எழுந்து மனசில் பட்டதைப் பேசுவார்கள். அவ்வளவுதான். எங்களுக்கு குரு கிடையாது, மேடை கிடையாது. இருந்ததெல்லாம் ஒரு நிரல்தான், அதை எழுத ஒரு அண்ணன்.

குடிநீர் வாரிய அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் திறப்பது என்று முப்பது வருடம் அட்டவணை போட்ட கை. அதே கையால் எங்கள் வியாழக்கிழமைக்கும் அட்டவணை போட்டார். மூன்று கட்டம் இருக்கும்: நேரம், என்ன, பொறுப்பு. ஆறு மணிக்கு வாசிப்பு, ஆறு பத்துக்குப் பாட்டு என்று நிமிடக் கணக்கு. எல்லாம் முடிந்ததும் சட்டைப் பையிலிருந்து பென்சில் எடுத்து, சரியாக நடந்ததற்கெல்லாம் பக்கத்தில் ஒரு டிக் போடுவார். இழுத்துக்கொண்டு போனதற்குப் போடமாட்டார். யாரையும் வாய்விட்டுப் பாராட்டியதில்லை, குறை சொன்னதும் இல்லை. எங்கள் செயலாளர் மேனேஜர் சார், வங்கியில் பெரிய பதவியில் இருந்தவர். அவர் பேச்சுக்குப் பன்னிரண்டு வருடத்தில் மூன்று டிக்தான் விழுந்தது. ஐம்பத்தெட்டு வயதில் நானே அந்த டிக்குக்காகக் காத்துக் கிடந்திருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த நிரலில் ஒரு வரி மட்டும் யாருக்கும் புரிந்ததில்லை. ‘6.16 – காலி – 4 நிமிடம் – பொறுப்பு: எல்லோரும்.’ பாட்டுக்கும் மௌனத்துக்கும் நடுவில் அது வரும். ஆறு மணிக்குச் சாத்திய கதவை அந்த நேரத்தில் அண்ணன் எழுந்து போய்த் திறந்துவைப்பார். வேறு ஒன்றும் நடக்காது. காலை நீட்டுவோம், இருமுவோம், பாயைத் தட்டிப் போடுவோம். கீழேயிருந்து வருகிற பெயிண்ட் நெடி வெளியே போகட்டும் என்று திறக்கிறார் போல என்று நினைத்தோம். எங்களுக்குள் அதற்கு ‘இருமல் நேரம்’ என்று பெயர். ‘வாரியத்துல வேலை பார்த்தவர்ல, நாலு நிமிஷமாவது தண்ணி நிக்கணும் அவருக்கு’ என்று மேனேஜர் சார் கிண்டல் பண்ணுவார்.

நான் கூடத்துக்கு வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். என் கணவர் தவறி நான்கு மாதம் ஆகியிருந்தது. பகலில் லேப் வேலை என்னைத் தாங்கிக்கொண்டது. விளக்குப் போடுகிற நேரத்தைத்தான் தாண்ட முடியவில்லை. தங்கை வீட்டு முன்னறையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ‘அந்தப் பெயிண்ட் கடை மாடியில சும்மா உக்காந்துட்டு வராங்களாம், நீயும் போயேன். இங்க உக்கார்றத அங்க போய் உக்காரு’ என்று துரத்தியவள் தங்கைதான். லேப் ஐந்தே முக்காலுக்கு முடியும். பஸ் பிடித்து இறங்கி நடந்தால் ஆறு பதினாறு ஆகிவிடும். முதல் வாரம் போனபோது கதவு சாத்தியிருந்தது. உள்ளே பாடிக்கொண்டிருந்தார்கள். தட்ட வெட்கமாக இருந்தது. மேலே இருந்து மூன்றாவது படியில் உட்கார்ந்தேன். பாட்டு நின்றது, அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. அந்த மௌனத்தைக் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன். இரண்டாவது வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் கடைசித் தடவையாகப் பார்ப்போம் என்று போனேன். கதவு திறந்திருந்தது. எல்லோரும் இருமிக்கொண்டும் பாயை உதறிக்கொண்டும் இருந்தார்கள். நான் நுழைந்ததை ஒரு ஆள் கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சுவரோரமாக ஒரு பாய் காலியாகக் கிடந்தது, உட்கார்ந்தேன், மௌனம் ஆரம்பித்தது. அன்றைக்குத்தான் நான்கு மாதத்தில் முதல் தடவையாக அழுதேன்.

நல்ல நேரத்துக்கு வந்தேன் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு எத்தனை வருடம், ஒவ்வொரு வாரமும் நல்ல நேரத்துக்குத்தான் வந்தேன். ‘நான் ஒரு நாள் கூட லேட்டா வந்ததில்ல’ என்று கூடத்தில் மார்தட்டிக்கொண்டு திரிந்தேன். புதிதாக வருகிறவர்களுக்கு அறிவுரை வேறு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெயிண்ட் கடைக்காரர் சொன்ன அன்றே மேலே போய் நேரடியாகக் கேட்டுவிட்டேன்.

“அண்ணே, போறீங்களாமே. எங்ககிட்ட சொல்லணும்னு தோணலையா?”

“முட்டி சொல்லுது தங்கச்சி. இருபத்தாறு படி இனி முடியாது. மகன் வீட்டுல லிஃப்ட் இருக்கு, உன் அண்ணியும் போயிடலாம்ங்குறா. அடுத்த வாரம் சனிக்கிழமை சாமான் ஏத்துறோம்.” என்னைப் பார்க்காமல் பையிலிருந்து நிரல் நோட்டை எடுத்து நீட்டினார். “இனிமே இதை நீ எழுது.”

“நான் எதுக்கு?”

“நீதான கூடத்துக் கடுதாசியெல்லாம் டைப் அடிக்கிற.”

அவ்வளவுதான். பதினேழு வருடப் பழக்கத்துக்குக் கிடைத்த சான்றிதழ், டைப் அடிக்கிற என்பது. வீட்டுக்கு வந்து தங்கையிடம் பொரிந்து தள்ளினேன். ஆனால் நோட்டை மடியிலிருந்து கீழே வைக்கவில்லை. அவருடைய வழியனுப்பு விழாதான் நான் எழுதப்போகிற முதல் நிரல். அந்தத் தாள் முழுக்க அவர் கையால் டிக் வாங்கிவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி வந்துவிட்டது. ஒரு வரி தப்பினாலும், அடுத்த வியாழன் அந்த நோட்டைத் தொடுகிற தகுதி எனக்கு இல்லை என்றே முடிவு பண்ணியிருந்தேன். போகிறவர் போய்விடுவார், அப்புறம் யாரிடம் போய் டிக் கேட்பது?

நினைவுப் பரிசாக என்ன கொடுப்பது என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மேனேஜர் சார் சுவர்க் கடிகாரம் என்றார். நான் பழைய நிரல்களையே ஆல்பமாகக் கட்டிக் கொடுப்போம் என்றேன். கூடத்து பீரோவில் இருந்த கோப்புகளைத் தூக்கிக்கொண்டு வந்து தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேசை முழுக்கப் பரப்பினேன். பழுப்பேறிய தாள், நீல மை, ஒரே அளவான எழுத்து. வாசித்தவர்கள், பாடியவர்கள் பெயரெல்லாம் ஒன்றொன்றாக வந்தது. பாதிப் பேர் இன்று இல்லை. ஒரு தாளில் டீக்கறை, இன்னொன்றில் யாருடைய குழந்தையோ கிறுக்கிய பூனை. அதற்கும் அண்ணன் டிக் போட்டிருந்தார். பாட்டு நடுவில் இருமல் வந்து நிகழ்ச்சியையே நிறுத்திய பாட்டுக்காரரும், கண்ணை மூடியதும் குறட்டை விடுகிற தபால்காரரும் என் மேசைக்கே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தங்கை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, சாப்பாட்டைத் தரையில் எடுத்து வைத்தாள்.

அந்தத் தாள்களில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. இந்தக் காலி ஓரிடத்தில் நிற்கவில்லை. ஆரம்பத் தாள்களில் அது இல்லவே இல்லை. பிறகு 6.16 என்று முளைக்கிறது. நடுவில் ஒன்றரை வருடம் 6.25-க்குப் போகிறது, திரும்ப 6.16-க்கு வருகிறது. ஒரு வருடத்தில் இரண்டு மாதம் மட்டும் காணாமலே போய்விடுகிறது. இவ்வளவு ஒழுங்கான மனிதருக்கு இது மட்டும் ஏன் இப்படித் தாவுகிறது என்று சலித்துக்கொண்டு ஆல்பத்தில் ஒட்டினேன்.

விழா நிரலில்தான் எனக்குத் தலைவலி. வாழ்த்திப் பேச ஒன்பது பேர். மேனேஜர் சார் தனக்குக் கால் மணி நேரம் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். பாட்டைக் குறைத்தேன், வாசிப்பைச் சுருக்கினேன், அப்படியும் இடம் போதவில்லை. மேசையில் நிரலைப் பார்த்தேன். நடுவில் நான்கு நிமிடம் சும்மா கிடந்தது. முப்பது வருடமாக இடைவெளியைப் பார்த்தால் அடைத்துக் கொடுக்கிறவள் நான். காலியை எடுத்துவிட்டு மேனேஜர் சாரை அங்கே ஆரம்பிக்க விட்டேன். இரண்டு பக்கமும் இடிக்காமல் கச்சிதமாக உட்கார்ந்தார்.

விழா வியாழன் லேபுக்கு லீவு போட்டுவிட்டு முன்னதாகவே போய்விட்டேன். அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். முன்னால் ஒரு நாற்காலியில் எங்களைப் பார்த்து உட்கார வைத்தோம். பாயில் உட்கார்ந்தே பழகியவர், நாற்காலியில் டாக்டருக்குக் காத்திருக்கிற ஆள் போல இருந்தார். நான் நிரல் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே வாசித்தார். விரல் ஓரிடத்தில் நின்றது.

“காலி எங்க?”

“இன்னிக்கு ஒரு நாள்தான அண்ணே. உங்களப் பத்திப் பேசுறதுக்கே நேரம் பத்தல.”

“ம்” என்றார். தாளை மடித்துப் பையில் வைத்தார்.

ஆறு மணிக்குக் கதவைச் சாத்தினோம். வாசிப்பு நிமிடம் பிசகாமல் முடிந்தது. பாட்டும் முடிந்தது. ஆறு பதினாறுக்கு மேனேஜர் சார் எழுந்து தொண்டையைச் செருமினார். “நம்ம நிரலண்ணன் எப்பேர்ப்பட்ட ஒழுங்கான மனிதர் என்றால், இத்தனை வருடத்தில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு தடவையாவது இடத்தை விட்டு எழுந்திருக்கிறாரா?” என்று எங்களைப் பார்த்துக் கேட்டார்.

அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்தார். வலது முட்டியைப் பிடித்துக்கொண்டு, மேனேஜர் சாருக்கு முன்னாலேயே குறுக்கே நடந்து, கதவைத் திறந்து வெளியே போய்விட்டார்.

மேனேஜர் சார் வாயைத் திறந்தபடி நின்றார். படியில் அண்ணன் குரல் மட்டும் கேட்டது. “எங்கம்மா இறங்குற? வா, வா. இன்னும் ஆரம்பிக்கல.”

மூன்று மாதமாக வந்துகொண்டிருக்கிற ஒரு நர்ஸ் பெண். ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து ஓடி வருகிறவள், முகத்தில் முகக்கவசத் தடம் கூட மாறாமல் இருக்கும். அன்றைக்குக் கதவு சாத்தியிருப்பதைப் பார்த்துவிட்டு, மேனேஜர் சார் குரலையும் கேட்டுவிட்டு, திரும்பி இறங்கியிருக்கிறாள். பாதிப் படியிலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் தலையைக் குனிந்தபடி உள்ளே வந்தாள். நாங்கள் அத்தனை பேரும் கழுத்தை நீட்டி அவளையே பார்த்தோம். அவளுக்குக் காது வரை சிவந்துவிட்டது. பின்னால் போய் உட்கார்ந்தாள். அண்ணன் நாற்காலிக்குத் திரும்பி, “சொல்லுங்க சார்” என்றார். மேனேஜர் சாருக்கு விட்ட இடம் மறந்து போயிருந்தது. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக மூன்று நிமிடத்தில் பேச்சை முடித்தார்.

மற்ற எட்டுப் பேரும் பேசி முடித்ததும் மௌனம் ஆரம்பித்தது. கண்ணை மூடினேன். அந்தப் பெண்ணின் சிவந்த முகம்தான் தெரிந்தது. நாங்கள் எல்லோரும் கழுத்தைத் திருப்பிப் பார்த்த பார்வை தெரிந்தது. நான் நுழைந்த அன்று ஒரு ஆள் கூட ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் என் மரமண்டைக்கு எட்டியது. அவர்கள் இருமிக்கொண்டிருந்தார்கள். பாயை உதறிக்கொண்டிருந்தார்கள். அதுதான் அவர்கள் பொறுப்பு.

ஆல்பத்தில் நானே ஒட்டிய தாள்கள் ஒவ்வொன்றாக வந்தன. 6.16 என் பஸ் நேரம். 6.25, எங்கள் லேப் ஊருக்கு வெளியே மாறிப்போன அந்த ஒன்றரை வருடம். காலியே இல்லாத இரண்டு மாதம், நான் மணிக்கட்டு உடைந்து வீட்டில் கிடந்தது. பெயிண்ட் நெடிக்காகவும் திறக்கவில்லை, இருமுவதற்காகவும் திறக்கவில்லை. நான் நல்ல நேரத்துக்கு வரவே இல்லை. நல்ல நேரத்தை ஒரு மனிதர் எனக்காகப் பிடித்து வைத்திருந்தார். அதை அழித்துவிட்டு மேனேஜர் சாரை உட்கார வைத்தவள் நான். அந்த அரை மணி நேரம் மௌனமாக இருந்தேன் என்று சொன்னால் பொய். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், கன்னமெல்லாம் ஈரம்.

மௌனம் முடிந்து எல்லோரும் காலை நீட்டுகிற சந்தில் நாற்காலியருகே போய்க் குனிந்தேன்.

“அண்ணே, காலி யாருக்கு?”

“யாரு லேட்டோ அவங்களுக்கு.”

“எனக்கு முன்னாடி இருந்துச்சா?”

“இல்ல.”

“நான் வெளிய உக்காந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“ரெண்டு வாரம் படி கூட்டுறப்ப மூணாவது படியில மட்டும் வெள்ளையா மாவு இருந்துச்சு. சுண்ணாம்பானு கடைக்காரர்கிட்ட கேட்டேன். இது பிளாஸ்டர்னாரு. யாரோ வேலை முடிச்சு நேரா வராங்க, வந்து வெளியவே உக்காந்துட்டுப் போறாங்கனு தெரிஞ்சுது.”

“ஏன் அண்ணே இத்தனை வருஷம் ஒரு வார்த்தை சொல்லல?”

“சொல்லியிருந்தா நீ வந்திருப்பியா?” என்றார்.

வந்திருக்க மாட்டேன். எனக்காக முப்பது பேர் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்திருந்தால், அந்த வெட்கத்திலேயே அடுத்த வாரம் நின்றிருப்பேன். தங்கை வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்து போயிருப்பேன். என்ன ஆகியிருப்பேனோ.

அடுத்து நன்றியுரை, பத்து நிமிடம், பொறுப்பு நான். மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தேன். எழுந்து நின்றதும் எழுத்தெல்லாம் கலங்கியது. தாளை மடித்தேன். பின்னால் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள், இன்னும் நிமிரவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டால் அடுத்த வாரம் அவள் வரமாட்டாள். எனக்குத் தெரியும்.

“நிரல்ல ஒண்ணு விட்டுப்போச்சு. என் தப்பு” என்றேன். “காலி, நாலு நிமிஷம். பொறுப்பு எல்லோரும்.”

உட்கார்ந்துவிட்டேன். முதலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு தபால்காரர் இருமினார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் இருமினார்கள். யாரோ பாயை உதறினார்கள். பேச்சு எழுந்தது, சிரிப்பு எழுந்தது. அண்ணன் போய்க் கதவைத் திறந்துவைத்தார். பக்கத்துப் பாயில் இருந்தவர் அந்தப் பெண்ணிடம் டூட்டி எப்படி என்று கேட்டார். அவள் நிமிர்ந்து பதில் சொல்ல ஆரம்பித்தாள்.

எல்லோரும் இறங்கிப் போனபோது ஆல்பத்தைக் கக்கத்தில் இடுக்கி, மறு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு அண்ணன் படியில் நின்றார். இருபத்தாறு படியும் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். கடைசிப் படியில் “சரி தங்கச்சி” என்றார். போய்விட்டார்.

மேலே வந்து பார்த்தபோது நிரல் தாள் நாற்காலியில் இருந்தது. வாசிப்புக்கு டிக், பாட்டுக்கு டிக். மேனேஜர் சாருக்கும் ஒரு டிக், நான்காவது. நான் பேசாமல் விட்ட நன்றியுரைக்கும் டிக். பாட்டுக்குக் கீழே இருந்த சிறு இடைவெளியில் பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தார்: ‘6.16 – காலி – 4 நிமிடம்.’ பொறுப்பு என்ற கட்டத்தில் மட்டும் எல்லோரும் என்று போடவில்லை. பல்லக்கா என்று போட்டிருந்தார். அந்த வரிக்கு டிக் இல்லை.

இப்போது நிரல் நான்தான் எழுதுகிறேன். அந்தக் கட்டத்தில் எல்லோரும் என்றே அடிக்கிறேன், பழையபடி. போன மாதம் அந்த நர்ஸ் பெண்ணுக்கு ஆஸ்பத்திரியில் டூட்டி நேரம் மாறியது என்று பேச்சுவாக்கில் தெரிந்துகொண்டு, காலியை 6.30-க்குத் தள்ளினேன். ‘பல்லக்காவுக்கும் அவர் புத்தி தொத்திக்கிச்சு’ என்று மேனேஜர் சார் அலுத்துக்கொண்டார். நேற்று வந்த ஒரு புது ஆளிடம் அந்த நர்ஸ் பெண் சொல்லிக்கொண்டிருந்தாள், அந்த விழா நாளைத் தவிர தான் ஒரு நாள் கூட லேட்டாக வந்ததில்லை என்று. நான் பாயை உதறிக்கொண்டிருந்தேன்.